சாணமும் வேண்டாம், எலும்புத்தூளும் வேண்டாம்: மாடித்தோட்டத்துக்கு என்ன உரம்?

தொட்டிச்செடி, மடிப்பாக்கம்

எல்லோருக்கும் வணக்கம். மொட்டை மாடி நிறைய பைகள் வைத்திருக்கிறேன். தக்காளி, கத்தரி, வெண்டை, நாலைந்து வகைக் கீரை, பந்தலில் அவரையும் புடலையும். எல்லோரையும்போல மட்கிய சாணம், பஞ்சகவ்யம், மீன் அமிலம், பூக்கிற நேரத்தில் எலும்புத்தூள் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது வீட்டில் பால், தயிர் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். சமையலறையில் ஒரு நியாயம், மாடியில் ஒரு நியாயம் என்று இருக்க மனசு ஒப்பவில்லை. அதற்காக யூரியா, டிஏபி போன்ற ரசாயன உரங்கள் பக்கமும் போக மாட்டேன்.

இந்தப் பட்டத்தில் வேப்பம் புண்ணாக்கு மட்டும் போடுகிறேன். தக்காளியில் அடியிலைகள் வெளிறி மஞ்சளாகின்றன. தளிர் பச்சையாகத்தான் இருக்கிறது. நர்சரியில் கேட்டால் "சாணி போடாம ஆர்கானிக்காம்மா?" என்று சிரிக்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கொங்குத்தோட்டம், கோபி

வணக்கம்ங்க. சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. மாடில்லாத இயற்கை விவசாயம்ங்கறது எனக்குப் பிடிபடவே இல்லைங்க. ஜீவாமிர்தம்னா 200 லிட்டர் தண்ணிக்கு 10 கிலோ சாணி, கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண்ணு. இதுல சாணியையும் கோமியத்தையும் எடுத்துட்டா மிச்சம் பாயசம்தானுங்க! பஞ்சகவ்யத்தை ஊர் ஊரா கொண்டுபோய்ச் சேர்த்த டாக்டர் நடராஜன் எங்க பக்கத்துக் கொடுமுடிக்காரர். இன்னிக்கு வரைக்கும் எங்க மஞ்சளுக்கு அதுதான் தெளிக்கறோம்.

எலும்புத்தூள் வேண்டாம்கறீங்க, அது உங்க விருப்பம், நானும் போடறதில்லை. சாணி எடுக்கறதுக்கு மாட்டைக் கொல்ல வேண்டியதில்லைங்களே.

கரிசல்செல்வி, கோவில்பட்டி

அண்ணாச்சி, அவங்க இருக்கிறது மடிப்பாக்கம். மாட்டை லிஃப்ட்ல ஏத்தியா கூட்டிட்டுப் போவாங்க? உங்க தொழுவத்துச் சாணி வேற, டவுன்ல மூட்டையில விக்கிற சாணி வேற. எங்க அக்கா வேளச்சேரியில ஒரு மூட்டை வாங்குனா. பிரிச்சுக் கொட்டினா கால்வாசி மணல், கோரைக்கிழங்கு, பிளாஸ்டிக் கிழிசல். அதுக்குள்ள கட்டைவிரல் தடிமன்ல வெள்ளையா சுருண்டுகிட்டு புழு, தலை மட்டும் பழுப்பு. காண்டாமிருக வண்டோட புழுவாம். தென்னந்தோப்புக்காரங்க எருக்குழியில தேடித் தேடிப் பொறுக்கிற அதே புழு. பைக்குள்ள வேரைத் தின்னுதா, மட்கினதைத் தின்னுதான்னு யாரு உக்காந்து பாக்கிறது?

அக்கா, உங்க கொள்கை என்னவோ, எனக்குச் சாணி கிடைக்கலைங்கிற ஒரே காரணத்துக்காக நானும் இல்லாமத்தான் ஓட்டுறேன். நல்லாவே வருது. என் வழியை ராத்திரி எழுதுறேன். அதுக்கு முன்னாடி திருச்சி ஐயா வந்தா நல்லாருக்கும்.

மண்கண்டம், திருச்சி

கூப்பிட்டதால் வந்தேன். வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் கணக்காகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 0.5 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 0.2, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 0.5. அவ்வளவுதான். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து 7 சதவீதத்தை ஒட்டி. எள்ளுப் புண்ணாக்கு 6, வேப்பம் புண்ணாக்கு 5, ஆமணக்கு 4-க்குச் சற்று மேல், புங்கம் 4, தேங்காய்ப் புண்ணாக்கு 3. அதாவது ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் இருக்கும் தழைச்சத்துக்கு 14 கிலோ தொழு உரம் வேண்டும். சத்துக்காகத்தான் சாணம் என்றால் அந்தப் பேச்சு இங்கேயே முடிந்தது. மாடு எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. வைக்கோலிலும் புல்லிலும் புண்ணாக்கிலும் இருந்ததில் ஒரு பங்கைத் தனக்கு எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது.

அப்படியானால் சாணம் என்னதான் செய்தது? பாதி செரித்த நாரையும் கோடிக்கணக்கான நுண்ணுயிரையும் மண்ணுக்குள் கொண்டுவந்து போட்டது. மண் பொலபொலவென்று இருந்ததும், ஈரம் நின்றதும், போட்ட சத்து கழுவிப் போகாமல் இருந்ததும் அதனால்தான். நீங்கள் சாணத்தை நிறுத்திவிட்டு வேப்பம் புண்ணாக்கு மட்டும் போட்டால், சத்து இருக்கிறது, அதைப் பிடித்துவைக்கவும் சமைத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை. பாட்டில் பாட்டிலாக மாற்றுக் கரைசல் தேடுவதற்கு முன், சாணம் கொண்டுவந்த அந்த மட்குக்கு ஈடாக இலைதழை எங்கிருந்து வரும் என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

உங்கள் தக்காளிக்கு வருகிறேன். அடியிலை முழுசாக வெளிறி, தளிர் பச்சையாக இருந்தால் தழைச்சத்துப் பற்றாக்குறை. செடி கிழவனிடம் பிடுங்கிப் பிள்ளைக்கு ஊட்டுகிறது. வேப்பம் புண்ணாக்கு போட்டும் ஏன் என்றால், அது மெதுவாகத்தான் விடும். அதில் உள்ள கசப்புப் பொருள்கள், மண்ணில் நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாக்களின் வேகத்தைக் குறைக்கின்றன. யூரியாவுக்கே வேப்பெண்ணெய் பூசி விற்பது அதற்காகத்தான். வேரைத் தாக்கும் நூற்புழுவையும் அது கட்டுப்படுத்தும், ஆகவே நிறுத்தாதீர்கள். ஆனால் தக்காளி போன்ற பெருந்தீனிக்காரனுக்கு அது மட்டும் போதாது.

உடனடிக்கு: 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவையுங்கள். தெளிவை மட்டும் இறுத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, ஈரமாக இருக்கும் மண்ணில் வேரைச் சுற்றி ஊற்றுங்கள். வாரம் ஒரு தரம் போதும். அடியில் தங்கும் சக்கையைப் பைக்குள் மண்ணோடு கிளறி மூடிவிடுங்கள். மேலே கொட்டினால் பூஞ்சை பூக்கும், எறும்பு வரும், எலியும் வரும்.

தொட்டிச்செடி, மடிப்பாக்கம்

ஐயா, ரொம்ப நன்றி. நாற்றம் எப்படி இருக்கும்? கீழ்வீட்டில் ஏற்கெனவே மீன் அமிலத்துக்கு ஒரு தடவை பஞ்சாயத்து நடந்திருக்கிறது.

இன்னொன்று, எலும்புத்தூளுக்குப் பதில் என்ன? ராக் பாஸ்பேட் என்கிறார்கள்.

மண்கண்டம், திருச்சி

மூன்றாம் நாளுக்கு மேல் விட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் மாடி ஏற வேண்டும். ஒரு கொட்டைப்பாக்கு அளவு வெல்லம் போட்டு, தினம் இரண்டு வேளை குச்சியால் நன்றாகக் கலக்குங்கள். காற்று உள்ளே போனால் அழுகல் வாடை பெருமளவு குறையும். மீனோடு ஒப்பிட்டால் இது சந்தனம்.

ராக் பாஸ்பேட் புளிப்பு மண்ணில்தான் கரையும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலை மண்ணுக்குச் சரி. சென்னையில் உப்பேறிய போர் தண்ணீர் ஊற்றும் பையில் அது மணலோடு மணலாகக் கிடக்கும். எலும்புத்தூளுக்கும் இதே கதைதான் என்பதை யாரும் சொல்வதில்லை. கார அமில நிலை 7-ஐத் தாண்டிய மண்ணில் அதன் மணிச்சத்து லேசில் வெளிவராது. இத்தனை நாளாக நீங்கள் போட்டதில் பெரும்பகுதி பைக்கு அடியில் அப்படியே இருக்கும். வாங்கியே தீருவேன் என்றால் நேரே பையில் போடாமல், மட்கு குவிக்கும்போது இடையிடையே தூவுங்கள். மட்கும்போது உண்டாகும் அமிலம் கொஞ்சம் கரைக்கும்.

பைக்கு எள்ளுப் புண்ணாக்கும் தேங்காய்ப் புண்ணாக்கும் போதும், இரண்டிலும் மணிச்சத்து 2 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அரிசித் தவிட்டிலும் நிறைய உண்டு. ஆனால் அது பைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கும், நுண்ணுயிர் திறந்தால்தான் உண்டு. அதனால் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியா ஒரு பொட்டலம் வாங்கி மட்கோடு கலந்து வையுங்கள். தழைச்சத்து பிடிக்கும் பாக்டீரியாக்களான அசோஸ்பைரில்லம், ரைசோபியம், வேர்ப்பூசணமான வேம் எல்லாமே வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் வேளாண் விரிவாக்க மையங்களிலும் மலிவாகக் கிடைக்கும். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். வெயிலில் அடுக்கிவைத்த பொட்டலம் என்றால் வேண்டாம், உள்ளே இருப்பது உயிர்.

பசியவீடு, பெங்களூரு

நானும் முழு வீகன்தான். ஆனால் ராக் பாஸ்பேட் என்பதே ஆதிகாலக் கடல் பிராணிகளின் எலும்பும் எச்சமும் இறுகிய பாறை என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க அதை எப்படிச் சேர்க்கலாம்? மண்புழு உரமும் கூடாது என்பது என் கருத்து. புழுவைத் தொட்டியில் அடைத்து வேலை வாங்குவதும் மாட்டைக் கட்டிவைப்பதும் எனக்கு ஒன்றுதான்.

கரிசல்செல்வி, கோவில்பட்டி

இப்படியே போனா பூ பூத்து மகரந்தம் சேரணும்னா தேனீகிட்ட அனுமதிக் கடிதம் வாங்கணும்.

மண்கண்டம், திருச்சி

செல்வி, கேலி வேண்டாம், கேள்வி நியாயமானதுதான். உலகத்தில் பல பாஸ்பேட் படிவுகள் கடலடியில் உண்டானவை, அவற்றில் மீன் எலும்பும் பல்லும் இருக்கும். ஆனால் இந்தியாவின் பெரிய சுரங்கம் ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கத்து ஜாமர்கோட்ரா. அங்கே இருப்பது ஸ்ட்ரோமட்டோலைட், நீலப்பச்சைப் பாசிகள் அடுக்கடுக்காகப் படிந்து உண்டான பாறை. பூமியில் விலங்கு என்ற ஒன்று தோன்றுவதற்கு மிக முந்தைய காலத்தது. உங்கள் கொள்கைக்கு அதைவிடச் சுத்தமான மணிச்சத்து கிடைக்காது. செடிக்குத்தான் சென்னையில் பயன்படாது!

மண்புழு பற்றி: வணிக உரத் தொட்டிகளில் விடுவது பெரும்பாலும் வெளியிலிருந்து கொண்டுவந்த இனங்கள். அது வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இலையைப் போட்டு ஈரம் காத்தால் நம்மூர்ப் புழு அழைக்காமலே வரும். அதை யாரும் வேலை வாங்கவில்லை, குடியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை, இலுப்பைப் புண்ணாக்கு மட்டும் போடாதீர்கள். அதில் உள்ள சபோனின் புழுவைக் கொல்லும். புல்வெளிகளில் புழுவை வெளியேற்றவும், குளத்தில் வேண்டாத மீனை அழிக்கவும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

வடமராட்சியான், பருத்தித்துறை

வணக்கம். இஞ்ச எங்கட பக்கம் தோட்டக்காரருக்கு இது புதுக்கதை இல்லை. ஆட்டெரு, மாட்டெரு போடுறவைதான், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் குழை தாக்கிறது, அதாவது இலைதழையை மண்ணுக்குள்ளை புதைக்கிறது எண்டு ஒண்டு இருக்குது. பூவரசு, சீமைக்கிளுவை வேலியிலை நிக்கும். கதியாலை, அதுதான் வேலியிலை நட்டுத் தழைச்ச கம்புகளை, கவ்வாத்துப் பண்ணேக்கை விழுகிற குழையை வீணாக்கிறேல்லை. பாத்தியிலை கிடங்கு வெட்டி, குழையை நெருக்கி அடுக்கி, மேல மண்ணைப் போட்டு மூடி விடுறது. புகையிலைத் தோட்டத்துக்கு அப்பு ஆக்கள் பனையோலையையும் தாட்டவை. ஓலை உக்க நாளெடுக்கும், ஆனால் எங்கட செம்மண்ணிலை ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும்.

2021-இலை இலங்கை அரசாங்கம் ஒரே நாளிலை ரசாயன உர இறக்குமதியை நிப்பாட்டினது. அந்த வருச முடிவுக்குள்ளையே திருப்பி விட்டது. அந்த நேரம் எல்லாரும் சாணிக்கு அலைஞ்சவை, உள்ள மாட்டுக்கு எவ்வளவு சாணிதான் வரும்? வேலியிலை சீமைக்கிளுவை நிண்ட ஆக்கள் கொஞ்சம் தப்பிச்சவை. அதின்ரை இலையிலை தழைச்சத்து நல்லாக் கிடக்கு.

தங்கச்சி, மாடியிலை கிடங்கு வெட்டேலாது தான். பையின்ரை அடிப்பாதிக்கு நறுக்கின குழையைப் போட்டு மேல மண் போட்டுப் பாருங்கோ. குழை உக்கும் மட்டும் சூடு கிளம்பும், அதுக்குள்ளை கண்டு நடாதேங்கோ. அடங்கின பிறகு மண் அரைவாசிக்கு இறங்கி நிக்கும். மேல நிரப்பிப்போட்டு நடலாம்.

மண்கண்டம், திருச்சி

அருமை. நம் பக்கம் சீமைக்கிளுவையைக் கிளைரிசிடியா என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உலர்ந்த எடையில் அதன் இலையில் தழைச்சத்து 3 சதவீதத்தை ஒட்டி வரும். புங்கன் இலையும் அப்படித்தான். நெல்வயலில் எருக்கு, ஆவாரை, கொழுஞ்சி போட்டு மிதித்ததெல்லாம் இதே கணக்குதான்.

கரிசல்செல்வி, கோவில்பட்டி

சரி, நான் செய்யிறதைச் சொல்றேன். ஒண்ணும் பெரிய வித்தை இல்ல.

இலை: எங்க தெருவுல வேம்பும் புங்கனும் நிக்குது. தை, மாசியில கொட்டுறதைக் கூட்டித் தீ வைக்கிறதுக்கு முந்தி நான் சாக்கோட போய் நிப்பேன். முதல்ல என்னை ஒரு மாதிரி பாத்தாங்க, இப்ப அவங்களே கட்டி வாசல்ல வச்சிடுறாங்க. பழைய டிரம்மைச் சுத்தி ஓட்டை போட்டு, ஒரு அடி காஞ்ச இலை, அதுமேல காய்கறிக் கழிவு, ஒரு கை புளிச்ச தோசை மாவு கழுவின தண்ணி, மறுபடி இலை. காஞ்சது மூணு பங்கு, பச்சை ஒரு பங்கு. பச்சை கூடினா நாறும், காஞ்சது கூடினா அப்படியே கிடக்கும். கையை விட்டுப் பார்த்தா சூடு தெரியணும். ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சா விரலிடுக்குல ஈரம் கசியணும், சொட்டக் கூடாது.

தேயிலை: டீக்கடையில கேட்டு வாங்குங்க. வீட்டுச் சக்கை பாலோட கொதிச்சது, உங்களுக்கும் ஆகாது, எறும்பும் மொய்க்கும். கடையில டிக்காஷன் தனி, பால் தனி. அந்தத் துணி வடிகட்டிப் பைக்குள்ள கிடக்கிற சக்கையில பாலே படாது. நல்ல தழைச்சத்து. காயவச்சு மட்குல போடுங்க.

பயறு: ஒரு பட்டம் முடிஞ்சு பை காலியானதும் சும்மா போடாதீங்க. தட்டைப்பயறு, உளுந்து, சணப்பை எதையாவது நெருக்கமா விதைச்சு விடுங்க. பூ எடுக்கும்போது கத்தரியால தரையோட நறுக்கி அந்தப் பையிலயே போட்டு மூடுங்க. வேரைப் பிடுங்காதீங்க. பாக்கணும்னா ஒரே ஒரு செடியை மட்டும் எடுத்து, வேர்ல கடுகு கடுகா இருக்கிற முடிச்சை நகத்தால கிள்ளிப் பாருங்க. உள்ள இளஞ்சிவப்பா இருந்தா தழைச்சத்து புடிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா வேலை நடக்கலை, ரைசோபியம் கலந்து விதைக்கணும். அந்தச் சிவப்பு நம்ம ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், ஆனா பயிரே செய்யிறது. பெங்களூரு அண்ணன் பதற வேண்டாம்.

மண்டபம்கரை, ராமநாதபுரம்

கடல்பாசிச் சாறு பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் கரையில் மகளிர் குழுக்கள் மூங்கில் மிதவையில் கப்பாபைக்கஸ் பாசி வளர்க்கிறார்கள். அதைப் பிழிந்து சாறு எடுக்கும் முறை பாவ்நகர் உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. சாம்பல்சத்தும் வளர்ச்சி ஊக்கிகளும் அதில் உண்டு. ஆனால் அதுவே உணவு என்று நினைக்காதீர்கள், தழைச்சத்து மிகக் குறைவு. மீன் அமிலம் தெளித்த இடத்தில் இதைத் தெளிக்கலாம், அவ்வளவுதான். வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கம் படியுங்கள். கடல்பாசி என்று முன்னால் போட்டுவிட்டு மீன் புரதம், அமினோ அமிலம் என்று பின்னால் போட்டிருப்பார்கள்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாசி நம் கடலுக்குச் சொந்தமானது அல்ல. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளப்பாறைகளில் படர்ந்து மூடியிருக்கிறது. விலங்குக்குத் துன்பம் வேண்டாம் என்பவர்கள் பவளமும் விலங்குதான் என்பதை யோசியுங்கள்.

தொட்டிச்செடி, மடிப்பாக்கம்

இது எனக்குத் தெரியாது. இந்த விஷயத்தில் அப்போ சாம்பலே பரவாயில்லை போல. பக்கத்தில் இஸ்திரிக் கடையில் கரிச்சாம்பல் கிடைக்கிறது. முட்டை ஓட்டுக்குப் பதில் சுண்ணாம்பு போடலாமா?

மண்கண்டம், திருச்சி

சாம்பல் மண்ணைக் காரமாக்கும். உங்கள் தண்ணீருக்கு அது இன்னும் கேடு. மாதம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், புண்ணாக்கோடு சேர்த்தும் போடாதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். அதைவிட வாழை நல்லது. வாழைமட்டை, தண்டு, பூவின் மேல்மடல், தோல் எல்லாவற்றையும் நறுக்கி மட்கில் சேருங்கள், சாம்பல்சத்து தானாக வரும்.

சுண்ணாம்பும் வேண்டாம். கிளிஞ்சல் சுண்ணாம்பு சிப்பியைச் சுட்டது, அது உங்களுக்கு ஆகாது. கல் சுண்ணாம்பு என்றாலும் காரம்தான். கடின நீர் ஊற்றுகிற பையில் கால்சியம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும். தக்காளிக் காயின் அடி கறுத்தால் முக்கால்வாசி நேரம் அது தண்ணீர் விட்டுவிட்டு ஊற்றுவதால் வருவது. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு பைக்கு ஒரு தேக்கரண்டி ஜிப்சம். அது காரமாக்காது.

ரெடிங்வாசி, இங்கிலாந்து

ஒரு தகவல். இங்கே எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆக்ஸ்போர்ட்ஷயரில் இயன் டோல்ஹர்ஸ்ட் என்பவர் பல வருடங்களாக எரு, எலும்பு, ரத்தத்தூள் எதுவும் இல்லாமல் ஏக்கர் கணக்கில் காய்கறி போட்டு விற்கிறார். பசுந்தாள் பயிரும் மரச்சீவல் மட்கும்தான். கால்நடை இல்லா இயற்கை வேளாண்மைக்கு இங்கே தனிச் சான்று உண்டு. 2004-இல் அதை முதலில் பெற்றது அவர் பண்ணைதான். அங்கே வயலில் கணிசமான பகுதி எப்போதும் பசுந்தாளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். மாட்டுக்குப் புல் வளர்க்கும் இடத்தில் மண்ணுக்குப் புல் வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொங்குத்தோட்டம், கோபி

எல்லாத்தையும் படிச்சேன்ங்க. ஐயா சொன்ன 14 கிலோ கணக்கு சரிதானுங்க, ஆனா கடலைப் புண்ணாக்கு விக்கிற விலைக்கு அதை மண்ணுல போடறது கையைக் கடிக்கும். தவிர புண்ணாக்கு யாரோ ஒருத்தர் நிலத்துல விளைஞ்சது, அந்த நிலத்துக்கு என்ன திரும்பிப் போகுதுன்னு கேக்கோணும். என் மாட்டுச் சாணி என் காட்டுக்கே போகுதுங்க. ஏக்கர் கணக்குல இருக்கறவனுக்கு மாடுதான் தோதுன்னு இப்பவும் சொல்லுவேன். மாடித்தோட்டத்துக்கு நீங்க பேசறது சரி.

அம்மணி, ஆமணக்குப் புண்ணாக்கு வாங்கினா வீட்டுல நாய் இருந்தாக் கவனம்ங்க. அதுல ரிசின்னு விஷம், வாசத்துக்கு நாய் தின்னுட்டா உசுருக்கே ஆபத்துங்க.

தொட்டிச்செடி, மடிப்பாக்கம்

நாய் இருக்கிறது, நல்லவேளை சொன்னீர்கள். அப்போ கடலை, எள், வேம்பு மட்டும்.

சித்திரை வெயிலில் பை காலியாக இருக்கும்போது தட்டைப்பயறு கருகிப்போகிறது. அந்த நேரத்துக்கு எது தாங்கும்?

கொங்குத்தோட்டம், கோபி

கொழுஞ்சி போடுங்க. எந்த வறட்சிக்கும் அசையாது. விதைத்தோல் கெட்டி, அப்படியே போட்டா பாதி முளைக்காது. ஆத்து மணலோட கலந்து உரல்ல இட்டு, உடையாம பதமா தேய்ச்சு, ராத்திரி ஊறவச்சு விதைக்கோணும். முதல் மாசம் நின்ன இடத்துலயே நிக்கும், செத்துப்போச்சுன்னு புடுங்கிப் போட்டுறாதீங்க. வேர் கீழ போயிட்டிருக்கும். விதை வேணும்னா முகவரி தனிச்செய்தில அனுப்புங்க, எங்க தோட்டத்து வரப்புல மண்டிக் கெடக்குது. எங்க மாடு அதை மோந்துகூடப் பாக்காதுங்க.